தம்பியாரின் கொண்டை

கருவாடு பொரிக்கும் நாளில் அந்த வீட்டில் அடுப்பு பற்றுவது கடைசியில்தான். முதலில் ஜன்னல்கள் சாத்தப்படும். பிறகு குசினிக் கதவு. கதவுக்கு அடியில் இருக்கும் இடைவெளிக்குச் சுருட்டிய துவாய். அதற்குப் பிறகு அன்ரி கதிரையில் ஏறி, கூரையிலிருக்கும் ஸ்மோக் அலாரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குளியல் தொப்பியை மாட்டுவார். முன்பு ஏதோ மோட்டலில் அறை துடைத்த காலத்தில் கொண்டுவந்த தொப்பி. இவ்வளவும் முடிந்த பிறகுதான் எண்ணெய் காயும். புகையில் நாங்கள் இருவரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்போம்.

"பிள்ளை, ஒருக்கா வெளியில போய் மணக்குதோ எண்டு பாத்துப்போட்டு வாரும்."

நான் வேலியோரம் போய் மோந்து பார்த்துவிட்டு வந்து, இல்லை என்று தலையாட்டுவேன். அன்ரியின் முகத்தில் அப்போது ஒரு நிம்மதி வரும். கருவாட்டைத் தின்னும்போதுகூட அந்த நிம்மதி வருவதில்லை.

மெல்பர்னின் ஓரத்தில், கிரான்பர்னில் ரயில் பாதை முடிகிற இடத்திலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரம் போனால் அந்த வீடு. அன்ரி வாடகைக்கு எடுத்த வீட்டில் முன்னறை எனக்கு. நான் நாமக்கல்காரி. கட்டடங்களுக்குள் காற்றும் சூடும் எப்படிப் போய்வருகின்றன என்பதில் முதுகலை படிக்க வந்தவள். அதை நான் பார்க்கிறவர்களிடமெல்லாம், கேட்காமலேயே, விளக்கிக்கொண்டிருந்த காலம் அது. அப்படிப்பட்டவளுக்குக் காற்றே புகாத ஒரு வீடு வாய்த்தது. குளியலறைச் சுவரில் காற்றுப் போகிற ஓட்டைக்கு டேப். காலையில் கண்ணாடிகளில் தண்ணீர் ஓடும். கூரை மூலையில் கறுப்பாகப் பூஞ்சை படரும். ஞாயிறுதோறும் அன்ரி பிளீச் போட்டுத் துடைப்பார், புதன்கிழமைக்குள் அது திரும்ப வரும். நான் ஜன்னலைத் திறப்பேன். கல்லூரிக்குப் போய்விட்டு வந்தால் மூடியிருக்கும். திறப்பேன். மூடியிருக்கும். இதைப் பற்றி நாங்கள் சண்டை போட்டதே இல்லை. சண்டை போட்டால் சத்தம் வெளியே போகும்.

"வில்லங்கம் வேண்டாம், பிள்ளை." அன்ரி அடிக்கடி சொன்ன வாக்கியம் இதுதான்.

பஸ் நிற்காமல் போனால் வில்லங்கம் வேண்டாம் என்று அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார். ஒருமுறை ஊரிலிருந்து அவருடைய அக்கா அனுப்பிய பார்சல், பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவும் பனங்கட்டியும், பக்கத்து வீட்டு வாசலில் போடப்பட்டுவிட்டது. அவர்கள் எங்கோ விடுமுறைக்குப் போயிருந்தார்கள். பெட்டியில் அன்ரியின் பெயர் பெரிதாகத் தெரிந்தது. ஐந்து நாள் அதை வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஐந்தாம் நாள் மழை. எனக்குத் தெரிந்ததும் நான் ஓடிப்போய் எடுத்துவந்தேன். மாவு கூழாகியிருந்தது.

"ரெண்டு எட்டு வச்சு எடுத்துட்டு வந்திருக்கலாமே அன்ரி! உங்க பேருதானே எழுதியிருக்கு!"

"அவையின்ர வாசலுக்குப் போனா, ஏன் வந்தனீர் எண்டு ஆரும் கேப்பினம்."

"கேட்டா சொல்லுங்க."

"கேக்கிற மாதிரி வைக்கக் கூடாது."

அவர் படகில் வந்தவர். பன்னிரண்டு வருடமாகத் தற்காலிக விசா, அது முடியும் முன்னால் இன்னொரு தற்காலிக விசா. நாலு வயதில் விட்டுவந்த மகள் வவுனியாவில் அக்காவின் வீட்டில், வீடியோவில் மட்டும் உயரமாகிக்கொண்டிருந்தாள். எங்கோ ஒரு அலுவலகத்தில் தன் பெயரில் ஒரு ஃபைல் இருக்கிறது, தபால்பெட்டியில் விழும் ஒவ்வொரு கடிதமும் யாரோ சொல்லும் ஒவ்வொரு குறையும் அதில் போய்ச் சேருகிறது என்று அன்ரி நம்பினார். அப்படியெல்லாம் இல்லை என்று நான் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். அவர் பொறுமையாகக் கேட்பார். "நீர் விசா எடுத்து பிளேனில வந்தனீர்" என்பார். அதோடு என் விளக்கம் முடிந்துவிடும்.

இப்படிப்பட்டவரிடம்தான் ஒரு சேவல் வந்து சேர்ந்தது.

ஒரு சனிக்கிழமைச் சந்தையில் நாலு குஞ்சு வாங்கிவந்தார். நாலும் பேடு என்று விற்றவன் சத்தியம் செய்தானாம். முட்டைக்காக வாங்கியது. வளர வளர மூன்று கோழிகள் கோழிகளாகவே இருந்தன. நாலாவதுக்குக் கொண்டை முளைத்தது. முளைத்தது நிற்காமல் வளர்ந்தது. வெள்ளை லெகார்ன் இனம். வெள்ளை உடம்பில் செக்கச்சிவந்த பெரிய கொண்டை, ஐந்து முனையோடு, நிமிர்ந்து நிற்கும்.

"கோழி ஊர்ப் பிள்ளை, இது சேவலோ சொல்லும்?" என்று என்னைக் கேட்டார்.

நாமக்கல்லில் லட்சம் வெள்ளைக்கோழிகளைக் கூண்டில் பார்த்திருக்கிறேன், சேவலைப் பண்ணையில் பார்த்ததே கிடையாது, முட்டைக்கு அது தேவையில்லை என்றேன். "அப்ப நீர் என்னத்தைப் பாத்தனீர்!" என்று சிரித்தார். சிரிப்பதற்கு முன் வாயைக் கையால் பொத்திக்கொள்வார். அதுவும் அவர் பழக்கம்.

தம்பியார் என்று பெயர் வைத்தார். தம்பியார் முதல்முறை கூவ முயன்றபோது, துருப்பிடித்த கேட்டை யாரோ பாதி திறந்து விட்டுவிட்ட மாதிரி ஒரு சத்தம் வந்தது. அன்ரி அகப்பையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் குசினி ஜன்னலைச் சாத்தினார். சத்தம் வந்தது வெளியில் இருந்து.

நான் அன்று சும்மா இருந்திருக்கலாம். பத்து நிமிடத்தில் எங்கள் பகுதி நகராட்சியான கவுன்சிலின் இணையப் பக்கத்தைத் தேடிப் படித்து, சந்தோஷமாக ஓடிவந்து சொன்னேன்: "அன்ரி, கோழி வச்சுக்கலாம், பிரச்சினை இல்ல. சேவல்தான் பர்மிட் இல்லாம கூடாதாம்!" ஒரு தகவலைக் கண்டுபிடித்துவிட்ட பெருமை எனக்கு. அடுத்த ஞாயிறு அன்ரி சேவலை இரவில் அடைக்க ஒரு பெட்டி செய்தார்.

பலகைப் பெட்டி. உள்ளே பழைய குயில்ட் போர்வையை மடித்து மடித்து ஆணியடித்திருந்தார். வெளியே கம்பளத் துண்டுகள். மேலே தகரமூடி, அதன்மேல் இரண்டு செங்கல். உயரம் மட்டும் மிகக் குறைவு. ஏன் என்று கேட்டேன்.

"கழுத்தை நிமித்தாட்டிச் சேவலுக்குக் கூவ ஏலாது."

"பாவம் அன்ரி."

"நாங்களும் உப்பிடித்தான் கிடந்தனாங்கள்" என்றார். எங்கே, எப்போது என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. காற்று போக வழியில்லையே என்பதைத்தான் கேட்டேன். ஒரு மூலையில் இருந்த விரலளவு இடைவெளியைக் காட்டினார்.

பொழுது சாய்ந்ததும் தம்பியார் உள்ளே. காலை ஒன்பது மணிக்கு, சுற்றுவட்டாரம் முழுக்க வேலைக்குப் போன பிறகு, வெளியே. அன்ரி வாரம் ஏழு நாளும் அதிகாலையிலேயே வேலைக்குப் போய்விடுவார். ஒன்பதுக்குத் திறந்துவிடுவது என் வேலை. அவர் மதியம் திரும்பியதும் பின்முற்றத்தில் கதிரையைப் போட்டு, ஒரு கிளாஸ் சுடுதேத்தண்ணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்காருவார். தேத்தண்ணி ஆறும்வரை பிடித்திருப்பார், பிறகுதான் குடிப்பார். தம்பியார் மடியில் ஏறிக்கொள்வார். என்னிடமோ, வீடியோவில் மகளிடமோ பேசாத ஒரு குரலில் அன்ரி அதனிடம் பேசுவார். பின்வீட்டுக்காரர் புல்வெட்டும் மெஷினைப் போடும் நாளில் மட்டும் அவசர அவசரமாகச் சொல்வார்: "இப்பக் கூவும், தம்பியார்! கெதியாக் கூவும், கெதியா!" அதுவோ அவர் சொல்லும்போது கூவாது. மெஷின் நின்றதும் கழுத்தை நீட்டும். அன்ரி கொண்டையோடு சேர்த்துத் தலையை மார்பில் அணைத்துக்கொள்வார். அந்த வீட்டில் நான் பார்த்த ஒரே விளையாட்டு அது.

ஜூலையில், அங்கே நடுக்குளிர்காலத்தில், ஒரு வாரம் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. என் பழைய காரின் கண்ணாடியில் சுரண்டினால் ஐஸ் வந்தது. அந்த வாரம் ஒரு காலை நான் தகரமூடியைத் தூக்கியபோது அதன் அடிப்பக்கமும் ஐஸ் பூத்திருந்தது. தம்பியாரின் கொண்டை முனைகள் மெழுகுபோல வெளுத்திருந்தன. மறுநாள் சாம்பல் நிறம். மூன்றாம் நாள் கறுப்பு.

அன்ரி பார்த்தார். கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மாள் வந்திருக்கிறா."

ஊரில் கோழிக்குக் கொண்டையில் கறுத்தால் அது அம்மைதான். கோழிகள் வளர்த்த எல்லாருக்கும் தெரியும். அதனால் வைத்தியமும் தெரியும். இந்தியக் கடையில் வாங்கிய வேப்பிலைத் தூளையும் மஞ்சளையும் தண்ணீர்விட்டுக் குழைத்து, கொண்டை முழுக்க ஈரமாகப் பூசினார். அம்மாளுக்குக் காற்றுப் படக்கூடாது என்று பெட்டியின் மூலையில் இருந்த அந்த விரலளவு இடைவெளியையும் துணியால் அடைத்தார். பச்சை வேப்பிலை கிடைக்காததால், பிள்ளையைப்போல வளர்த்த கறிவேப்பிலைச் செடியில் ஒரு கொத்தை ஒடித்துப் பின்கதவில் செருகினார். வீட்டில் தாளிக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு. கருவாடும் கிடையாது. தினமும் தாளிக்காத பருப்பு.

நான் சும்மா இருப்பேனா! தேடினேன். ஒரு மிருக வைத்தியசாலைக்கு ஃபோன் போட்டேன். "மெல்பர்னிலா? இங்கே அவ்வளவு குளிராதே" என்றாள் எடுத்த பெண். யோசித்துவிட்டு, "கூட்டுக்குள் ஈரம் இருக்கிறதா?" என்று கேட்டாள். அவ்வளவுதான், எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என் பாடமே அதுதானே! சேவல் மூச்சு விடுகிறது. மூச்சில் நீர். பெட்டி சாத்தியிருக்கிறது, நீர் தகரத்தில் படிகிறது. தகரத்தை முட்டிக்கொண்டிருக்கும் கொண்டை நனைகிறது. விடியற்காலை தகரம் உறைகிறது, அதோடு கொண்டையும். கல்லூரியில் கொடுத்த ஈரப்பதமானியை ஒரு இரவு பெட்டிக்குள் வைத்து, காலையில் எண்ணைப் பார்த்துக் குதித்தேன். தாளில் அம்புக்குறி போட்டுப் படம் வரைந்து அன்ரி முன்னால் விரித்தேன்.

"இது அம்மை இல்ல அன்ரி. பனிக்கடி. ஃப்ராஸ்ட்பைட். குளிர்ல சதை செத்துப்போறது."

"பனிக்குப் பல் கிடக்கோ பிள்ளை, கடிக்க?"

"ஈரத்தாலதான் எல்லாம். நீங்க பூசுற மஞ்சளும் ஈரம். காயவிடணும், காத்து வரணும். சின்னச்சின்னதா ஓட்டை போட்டா..."

"ஓட்டை போட்டாச் சத்தம் போகும்."

"கொண்டை போயிடும் அன்ரி! உயிரும் போகலாம். குளிர்ல முதல்ல விறைக்கும், அப்புறம் வலிக்கும், அப்புறம் ஒண்ணுமே தெரியாது. அந்த ஒண்ணுமே தெரியாததுதான் ஆபத்து."

அன்ரி படத்தை மடித்து என் கையில் திருப்பித் தந்தார். "குளிரைப் பற்றி எனக்குப் படிப்பிக்காதேயும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எழுந்து போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தார்.

அடுத்த இரண்டு நாளில் தாடையும் வீங்கிவிட்டது. தம்பியார் தின்னவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு காலில் நின்றார். அன்ரி ஒரு மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமிப்படத்துக்கு முன் வைத்தார். நான் ஒரு டிரில் மெஷின் கடன் வாங்கினேன்.

வியாழக்கிழமை அன்ரி வேலைக்குப் போன பிறகு வேலையைத் தொடங்கினேன். மூடிக்குக் கீழே இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்பது துளைகள்; உள்ளே நிற்கும் சேவலின் தலைக்கு மேலே காற்று போகும்படி. தகரத்தை நாலு விரல் உயர்த்திப் பலகை அடித்தேன். நனைந்த குயில்ட்டைப் பிய்த்துப் போட்டுக் காய்ந்த மரச்சுருள் பரப்பினேன். வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து, தேய்க்காமல், ஒற்றி ஒற்றி மஞ்சளை எடுத்தேன். கறுத்த முனைகளைத் தொடவில்லை. அவை தானாக உதிரும்வரை கீழே இருக்கும் சதையை அவைதான் காக்கும் என்று படித்திருந்தேன். எனக்கு அன்று இருந்த உற்சாகத்தில் இன்னும் பத்து சேவல்களுக்கு வைத்தியம் பார்த்திருப்பேன்.

மதியம் அன்ரி வந்தார். பெட்டிக்கு முன்னால் நின்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். குனிந்து, சுட்டுவிரலை ஒவ்வொரு துளையின்மேலும் வைத்து எடுத்தார்.

"காத்து வருதோ?"

"என்ன அன்ரி, விரல்லயே படுதே, தெரியலையா?" என்று சிரித்தேன்.

விரலை எடுத்துக்கொண்டார். பிறகு மண்டியிட்டு, கன்னத்தைத் துளையோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். "ஓம், வருது" என்றார். "மூண்டு நாள் பாப்பம். அதுக்குப் பேந்து அடைச்சுப்போடுவன்."

மூன்றாம் நாள் தம்பியார் தின்றார். கொண்டை காய்ந்தது. முனைகள் கரித்துண்டுபோல இறுகின, வீக்கம் வடிந்தது. அன்ரி கறிவேப்பிலைக் கொத்தைக் கதவிலிருந்து எடுத்தார். "அம்மாள் இறங்கிட்டா" என்றார். அன்று மாலை வீடெல்லாம் கடுகு வெடித்தது. பனிக்கடி என்பதை அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. துளைகளை அடைக்கவும் இல்லை. நான் வென்றுவிட்டேன் என்று நாமக்கல்லுக்கு ஃபோன் செய்து அம்மாவிடம் சொன்னேன்.

ஆறாம் நாள் அதிகாலை தம்பியார் கூவினார்.

நாலு விரல் உயரம் அதற்குப் போதுமாக இருந்தது. இருட்டுப் பிரியும் முன், அன்ரி வேலைக்குப் போய் அரைமணி நேரம் கழித்து. பாதி திறந்த கேட்டின் சத்தம் இல்லை, முழுக்கூவல். துளைகள் வழியாகத் தெருவெல்லாம் போனது. நான் போர்வைக்குள் கிடந்து கேட்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை இப்போது எழுதவே கூசுகிறது. மறுநாளும் கூவினார். அதற்கு மறுநாளும். நான் அன்ரியிடம் சொல்லவில்லை. சொன்னால் துளைகளை அடைத்துவிடுவார்.

இரண்டு வாரம்.

கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. உறையின் மூலையில் கவுன்சிலின் முத்திரை. அன்ரி அதைப் பிரிக்க முயன்றுகொண்டே இருந்தார். மடிப்பின் ஓரம் அவர் விரலுக்கு அகப்படவில்லை. வழுக்கி வழுக்கிப் போனது. பயத்தில் கை நடுங்குகிறது என்று நினைத்து நான் பிடுங்கிப் பிரித்தேன். இந்த முகவரியில் சேவல் கூவுவதாக ஒரு புகார் வந்திருக்கிறது, பதினாலு நாளைக்குள் அகற்ற வேண்டும். அவ்வளவுதான்.

"இவ்வளவுதான் அன்ரி! உங்க பேருகூட இல்ல பாருங்க. வீட்டில் வசிப்பவர்னுதான் போட்டிருக்கு. இதுக்கும் விசாவுக்கும் சம்பந்தமே கிடையாது. நான் பதில் எழுதுறேன், பர்மிட் கேட்கலாம்..."

"ஆரோ எங்களைப் பாத்து எழுதியிருக்கினம்."

கதிரையில் உட்கார்ந்தார். கடிதத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"எத்தினை நாளாக் கூவினவர்?"

"ரெண்டு வாரமா."

"நீர் கேட்டனீரோ?"

"ஆமா அன்ரி."

"நல்லாக் கூவினவரோ?"

"ரொம்ப நல்லா" என்றேன்.

"நான் கேக்கேல்லை" என்றார் அன்ரி.

பதினாலு நாளை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாளே லீவு சொன்னார். நான் அறிந்து அவர் சொன்ன முதல் லீவு. அவர் வேலை செய்யும் பண்ணையின் மேனேஜர் அங்கேயே கோழி வளர்க்கிறாராம், சேவல் ஒன்று எடுத்துக்கொள்வார் என்று யாரோ சொன்னார்களாம். தம்பியாரை ஒரு அட்டைப்பெட்டியில் வைத்துக் கயிறு கட்டி என் காரின் பின்சீட்டில் ஏற்றினோம். வழியெல்லாம் அன்ரி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். சிக்னலில் நின்றபோது உள்ளேயிருந்து ஒரு முனகல் வந்தது. அன்ரி பழக்கத்தில் கண்ணாடி முழுக்க ஏறியிருக்கிறதா என்று பார்த்தார்.

அன்ரி எங்கே வேலை செய்கிறார் என்பதை அன்றுதான் பார்த்தேன். ஒரு வருடமாக "சலாட் வேலை" என்று கேட்டிருந்தேன், அவ்வளவுதான். பண்ணைக்கு நடுவே பெரிய தகரக் கொட்டகை. பிளாஸ்டிக் திரைக்குப் பின்னால் குளிர். திரை விலகும்போதெல்லாம் ஃப்ரிட்ஜைத் திறந்த மாதிரி கால்களில் வந்து அடித்தது. உள்ளே வரிசையாகப் பெண்கள் தொட்டித் தண்ணீரில் கீரை அலசிக்கொண்டிருந்தார்கள். சிலர் கையில் தடித்த ஆரஞ்சு நிறக் கையுறை. மற்றவர்கள் கையில் மருத்துவமனையில் போடுகிற மாதிரி மெல்லிய நீலக் கையுறை.

மேனேஜர் வந்தார். நல்ல மனிதர், சிவந்த முகம், சத்தமான சிரிப்பு. பெட்டியைத் திறக்கச் சொன்னார். அன்ரி கயிற்றின் முடிச்சை அவிழ்க்கப் போனார். அது நான் போட்ட சாதாரண முடிச்சு, குழந்தைகூட அவிழ்க்கும். அன்ரியின் விரல்கள் அதன்மேல் போய்ப் போய் வந்தன. பிடிக்கவில்லை. பிறகு குனிந்து பல்லால் இழுத்தார்.

அப்போதுதான் பார்த்தேன். விரல் நுனிகள் மெழுகுபோல வெளுத்திருந்தன. அதற்குக் கீழே கத்தரிக்காய் நிறத்தில் வீக்கம். வலதுகைச் சுட்டுவிரலில் நகத்தோரம் கறுத்திருந்தது.

மேனேஜர் தம்பியாரைத் தூக்கிக் கொண்டையைப் பார்த்தார். "அடடா, ஃப்ராஸ்ட்பைட்! பாவம், இவனை யார் குளிரில் போட்டது?" என்று ஆங்கிலத்தில் சொல்லி, கறுத்த முனையைத் தொடாமல் கவனமாகத் தடவிக்கொடுத்தார். அன்ரி அவருக்கு முன்னால் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்று சிரித்தார். வாயைப் பொத்த மறந்துவிட்டார்.

காரில் ஏறி, பண்ணை வாசலைத் தாண்டியதும் ஓரமாக நிறுத்தினேன்.

"கையைக் காட்டுங்க அன்ரி."

"அது ஒண்டுமில்லை."

"எத்தனை நாளா?"

"மூண்டு குளிர்காலம்."

"தடிச்ச கையுறை இருக்கே! நான் பார்த்தேனே!"

"கேட்ட ஆக்களுக்குக் குடுத்தவை."

"நீங்க கேட்கல."

"கேட்டா ஏன் எண்டு கேப்பினம். கை ஏலாது எண்டா வேலைக்கு வரவேண்டாம் எண்டு சொல்லுவினம்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே! ஒரே வீட்ல இருக்கோம்!"

அன்ரி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இல்லை.

"நீர் தம்பியாரைப் பாத்துக்கொண்டிருந்தனீர் எல்லோ" என்றார்.

நான் ஃபோனை எடுத்துவிட்டேன். என் கைக்கு வேறு வழி தெரியாது. தேடினேன், படித்தேன், பேசத் தொடங்கினேன்: நாளைக்கே டாக்டரைப் பார்க்கணும், வேலையிடத்தில் இதுக்கெல்லாம் சட்டம் இருக்கு, மேனேஜருக்கு நான் ஒரு ஈமெயில் எழுதுறேன், உங்க பேரைப் போடாமலே எழுதலாம், அவர் நல்லவர் மாதிரிதான் தெரியறார்...

அன்ரி தன் கையை ஃபோனின்மேல் வைத்தார். கார் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது, ஆனாலும் அந்த விரல்கள் சில்லென்று இருந்தன.

"எழுதாதேயும் பிள்ளை" என்றார். "நீர் திறந்தது காணும், இனிப் போதும்."

ஃபோனை வைத்தேன். அந்த ஈமெயிலை அன்றும் எழுதவில்லை, அடுத்த வருடம் படிப்பு முடிந்து அந்த வீட்டை விட்டு வந்தபிறகும் எழுதவில்லை. யார் சொன்னாலும் கேட்காமல் எல்லாவற்றையும் திறந்து வைத்தவள், ஒரே ஒருமுறை சொன்ன பேச்சைக் கேட்டேன். அது கேட்டிருக்கக் கூடாத பேச்சு.

என் பக்கக் கண்ணாடி கொஞ்சம் இறங்கியிருந்தது. அன்ரி குறுக்கே கையை நீட்டி, விரலை மடக்கி அதன் முட்டியால் பொத்தானை அழுத்தினார். ஒருமுறை தவறியது. இரண்டாம் முறை கண்ணாடி மேலே ஏறி, சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.